ஏசி இல்லையாம், கவலையும் இல்லையாம்!

ஐயா,

ஞாயிறு இணைப்பில் லெஜியோனேர் நோய் பற்றிய கட்டுரை படித்தேன். தண்ணீரில் வளரும் கிருமி, ஏசித் தண்ணீர்த் திவலையோடு மூச்சில் போய் வரும் நோயாம். 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா ஓட்டலுக்கு மாநாட்டுக்குப் போன முன்னாள் படைவீரர்கள் 29 பேர் இந்த நுரையீரல் காய்ச்சலில் இறந்ததைக் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருந்தார். கடைசியில்தான் 'ஏசியே தேவைப்படாத ஊட்டி, கொடைக்கானல்வாசிகள் கொடுத்துவைத்தவர்கள்' என்று ஒரு போடு.

ஏசி இல்லைதான். கீசருமா இல்லை? தாங்கள் இங்கே வந்தபோது பச்சைத் தண்ணீரிலா குளித்தீர்கள்?

இருபத்திரண்டு வருஷம் உதகை லாட்ஜுகளில் பிளம்பர் வேலை பார்த்தவன் நான். சீசன் முடிந்து பூட்டிக் கிடந்த ரூமில் ஷவர் தலையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். துருவோடு சேர்ந்து, மீன் கழுவிய கைபோல வழவழவென்று ஒன்று ஒட்டும். அந்த வழவழப்பில்தான் இந்த நோய்க் கிருமி குடியிருக்கும். அதற்கு 25 முதல் 45 டிகிரி வரை கொண்டாட்டம். 60-க்கு மேல் தாங்காது. எங்கள் முதலாளிகளோ கரண்ட் பில்லுக்குப் பயந்து கீசரை நாற்பதில் வைக்கச் சொல்வார்கள். ஆடிச் சாரலில் சோலார் டேங்க் தண்ணீர் வாரக்கணக்கில் சுட்டும் சுடாமலும் நிற்கும். அதுதான் ஷவரில் பொடித் திவலையாகி மூச்சோடு உள்ளே போகிறது.

அப்படியொரு டேங்கைப் பீய்ச்சிக் கழுவிய ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல், மூச்சிரைப்பு. "மலைக்குளிர் பெரியவரே, கம்பளி போடுங்க" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இங்கேயே பிறந்தவனுக்குக் குளிர் புதுசா? எனக்கு வந்தது அதுதானா, தெரியாது. மூத்திரத்திலேயே பார்த்துவிடலாமாம், ஒருவரும் எடுக்கவில்லை. இன்றும் சேரிங்கிராஸிலிருந்து வீட்டுக்கு ஏற இரண்டு இடத்தில் நிற்கிறேன்.

உங்களுக்கு மலை என்றால் மே மாத மலர்க் கண்காட்சி, விட்டால் உறைபனிப் படம். எங்கள் தெருக்குழாய் வறண்டதைப் பற்றி மூன்று கடிதம் போட்டேன். ஒன்று வெளிவந்தது, வெட்டியது போக, லாரிக்காரருக்கு நான் சொன்ன நன்றிதான் மிச்சம். 2024 மே முதல் இ-பாஸ் போட்டு ஏறுகிற வண்டியையெல்லாம் எண்ணுகிறார்கள். அந்த வண்டிக்காரர் குளிக்கும் தண்ணீரை யார் பார்க்கிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒருநாளாவது கேட்டதுண்டா?

திருத்தமெல்லாம் வேண்டாம். 'பூட்டிக் கிடந்த ரூமில் ஷவரைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். லாட்ஜ்காரர்களே, கீசரை அறுபதில் வையுங்கள்.' இவ்வளவுதான். தங்கம் விலைக் கட்டத்துக்குக் கீழே போடுங்கள். இடம் போதாவிட்டால் என் பெயரை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய பிளம்பர், உதகமண்டலம்