சோதனை முடிந்தாலும் விசிறியை நோயாளியிடமே விடுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தும் மருத்துவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மூச்சுத்திணறல் உள்ளவர்களின் முகத்தில் கையடக்க விசிறியால் காற்று வீசி, திணறல் குறைகிறதா என்று அளந்து பார்க்கும் ஆய்வுகள் உங்களுக்குப் புதியவை அல்ல. அப்படி ஒரு சோதனையில் சேர்ந்த நோயாளியின் மகள் நான். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதவில்லை. இந்தக் கடிதம் உங்கள் எல்லோருக்கும்தான். கேட்பது ஒன்றுதான். சோதனை முடிந்த பிறகு அந்த விசிறியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட மூச்சு வாங்கவைக்கும் நுரையீரல் நோய். குடியாத்தத்தில் சின்ன வயதிலிருந்து பீடி சுற்றியவர். விறகடுப்புப் புகையும் புகையிலைத் தூளும் சேர்ந்து நுரையீரலை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெபுலைசர், ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள், அதில் குறை இல்லை. ஆனாலும் ராத்திரி ஆனால் படுக்க முடியாது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் ஏறி ஏறி இறங்க மூச்சை இழுப்பார். விரலில் கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தால் 95 சதவீதம் காட்டும். "ஆக்ஸிஜன் நல்லா இருக்கும்மா, சிலிண்டர் தேவையில்லை" என்பார் சிஸ்டர். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த 95-ஐப் பார்த்துக்கொண்டே அம்மாவுக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. அதற்கு அந்த நேரத்தில் கொடுக்க வார்டில் யாரிடமும் எதுவும் இல்லை. எக்ஸ்ரே கவரை எடுத்து விசிறிக்கொண்டே இருந்தேன். உங்கள் வார்டுகளில் எத்தனை பேர் அப்படி எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ரவுண்ட்ஸ் வரும்போது பார்த்திருப்பீர்கள்.

அப்புறம்தான் அந்த ஆய்வுக்குக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டோம். பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறை காலுக்கு நேராக 5 நிமிடம், இன்னொரு முறை முகத்துக்கு நேராக 5 நிமிடம். முன்னாலும் பின்னாலும், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். காலில் வீசியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்திலும் மூக்கிலும் காற்று பட்டதும் தோள் தணிந்தது. ஏழு என்று சொன்னவர் நாலு என்றார். நான் பக்கத்திலேயே இருந்தேன், அந்த முகம் மாறியதைப் பார்த்தேன்.

நேரம் முடிந்ததும் விசிறியை நிறுத்திப் பையில் போட்டார் ஆய்வுக்காக வந்திருந்த பெண். அம்மா கேட்டார்: "பாப்பா, அந்தக் காத்தாடிய வெச்சுட்டுப் போயேன்மா." அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "இது ஸ்டடிக்கு வந்ததும்மா, அடுத்த பெட்டுக்குப் போகணும்" என்றார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. அப்படித் திட்டம் எழுதியவர்கள் மேலும், அதைப் படித்துவிட்டு கையெழுத்துப் போட்டவர்கள் மேலும்தான் கோபம். எது அம்மாவுக்கு ஆறுதல் தருகிறது என்று அம்மாவை வைத்தே கண்டுபிடித்துவிட்டு, அதை அம்மாவிடமிருந்தே எடுத்துக்கொண்டு போவது எந்த நெறிமுறையில் சேர்த்தி?

அது விலை உயர்ந்த கருவியாக இருந்தால்கூடப் புரிந்துகொள்வேன். வேலூர் லாங் பஜாரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். மறுநாளே நான் வாங்கிவிட்டேன். பக்கத்து பெட்டில் ஜவ்வாது மலையிலிருந்து வந்த பெரியவர் இருந்தார். கூட யாரும் இல்லை. அவரும் கையெழுத்து போட்டார், அவருக்கும் காற்று வீசினார்கள், அவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவருக்கு யார் லாங் பஜாருக்குப் போவார்கள்?

ஒரே விசிறி பெட் பெட்டாகப் போவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இருமுகிறவர் முகத்துக்கு முன்னால் சுற்றிய இறக்கை அடுத்தவர் முகத்துக்கு முன்னால் போகிறது. ஒரு விசிறி ஒரு நோயாளிக்கே என்று வைத்தால் தொற்றுக் கவலையும் குறையும், நான் கேட்பதும் நடந்துவிடும்.

இந்தக் காற்றில் விஷயம் இருக்கிறது என்பது ஊகமும் இல்லை. முகத்தின் கீழ்ப் பாதியிலும் மூக்கின் உட்புறத்திலும் பரவியிருக்கும் ட்ரைஜெமினல் நரம்பில் குளிர்ந்த காற்று படும்போது, மூச்சுக்கான தவிப்பை மூளை குறைவாக உணர்கிறது என்பதுதான் விளக்கம். 2010-ல் இங்கிலாந்தில் 50 பேரை வைத்து, முகத்துக்கும் காலுக்கும் மாற்றி மாற்றி வீசிப் பார்த்ததில் முகத்துக்கு வீசியபோது திணறல் குறைந்தது. 2018-ல் ஜப்பானில், இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகள் 40 பேரிடம் செய்த சோதனையிலும் அதேதான். அதே 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வும் உங்களுக்குத் தெரிந்ததே. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ரொம்பக் குறையாத, ஆனால் மூச்சுத் திணறுகிற 239 பேர். சிலருக்கு ஆக்ஸிஜன், மற்றவர்களுக்கு வெறும் அறைக் காற்று, இரண்டும் மூக்குக் குழாய் வழியாக. அறைக் காற்றைவிட ஆக்ஸிஜன் கூடுதலாக எந்தப் பலனும் தரவில்லை. ஆக்ஸிஜன் நிஜமாகவே குறைந்தவருக்கு விசிறி மாற்று ஆகாது, அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்து, தேவையே இல்லாமல் வீட்டுக்கு ஆக்ஸிஜன் மிஷின் வாங்குகின்றன! அவர்களிடம் "முதலில் முகத்துக்கு ஒரு சின்ன விசிறி வைத்துப் பாருங்கள்" என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மூக்குக்கும் உதட்டுக்கும் நேராக மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும்.

அப்படியென்றால் இங்கே ஆய்வே வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். அந்த ஆய்வுகளெல்லாம் நடந்த இடங்கள் வேறு, வேலூர் வேறு. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் வார்டின் சீலிங் ஃபேன் அனல் காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. முகத்தின் தோலைவிடச் சூடான காற்று வீசினால் அது எப்படிக் குளிரும்? முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வீசினால் பலன் கூடுமா? மே மாதத்தில், மின்சாரம் போன மதியத்தில் என்ன ஆகும்? இதையெல்லாம் நீங்கள்தான் சோதிக்க வேண்டும், இங்கேதான் சோதிக்க வேண்டும். ஏசி அறையில் உட்கார வைத்து எடுத்த மார்க் எங்களுக்கு உதவாது. அந்தச் சோதனைக்கு நானே நாலு பேரைக் கூட்டி வருகிறேன்.

ஆனால் அதற்கும் என் நிபந்தனை அதேதான். விசிறி நோயாளியிடமே இருக்கட்டும். ஒப்பீட்டுக்காகக் காலில் மட்டும் காற்று வாங்கியவருக்கும், எந்தக் காற்றும் வாங்காதவருக்கும், அளவெடுத்து முடித்ததும் ஒரு விசிறி கொடுங்கள். ஆய்வில் பலன் தெரிந்த ஒன்று, பங்கெடுத்தவர்களுக்கு ஆய்வுக்குப் பிறகும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 நெறிமுறைகளும் பேசுகின்றன. அது பெரிய பெரிய மருந்துகளுக்குத்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அம்மா மாதிரி ஒருவருக்கு ராத்திரியைக் கடக்க உதவுகிற பொருள் சின்னது இல்லை.

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்ததிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு. நல்ல காரியம். வீட்டுக்கு வரும் அந்தப் பையில் மூச்சுத் திணறும் நோயாளிகளுக்காக இந்த விசிறியும் இருக்கலாமே என்று சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்களும் நீங்கள்தான். நாங்கள் சொன்னால் மனு, நீங்கள் சொன்னால் பரிந்துரை.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேனோ என்னவோ, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வு நன்றாக நடக்க வேண்டும் என்று விரும்புகிறவள்தான் நான். தயவுசெய்து மூன்று இடத்தில் மட்டும் திருத்துங்கள். ஆய்வுத் திட்டத்தில் ஆளுக்கு ஒரு விசிறி என்று எழுதுங்கள். செலவுக் கணக்கில் அதற்குப் பணம் ஒதுக்குங்கள். நோயாளியிடம் தமிழில் படித்துக் காட்டும் தகவல் தாளில், "ஆய்வு முடிந்த பின் இந்த விசிறி உங்களுக்கே" என்ற ஒரு வரியைச் சேருங்கள். அந்த வரி இல்லாமல் வரும் விண்ணப்பத்தை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்ப வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூச்சிரைப்பு நோயாளி ஒருவரின் மகள்,
குடியாத்தம்