மொழிபெயர்ப்பு ஆய்வில் மொழிபெயர்ப்பாளரின் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பியல் ஆய்வுப் போக்குகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இயந்திர மொழிபெயர்ப்பின் தரத்தை அளப்பதே இனி இத்துறையின் முதன்மைப் பணி என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

1972இல் கோபன்ஹேகனில் நடந்த மாநாட்டில் மொழிபெயர்ப்பியல் அறிஞர் ஜேம்ஸ் ஹோம்ஸ் இத்துறைக்கு எல்லை வகுத்தபோதே, மொழிபெயர்த்த நூல், அது சென்று சேரும் சமூகத்தில் ஆற்றும் பணி, மொழிபெயர்ப்பவரின் மனத்தில் நிகழும் செயல் ஆகிய மூன்றும் ஆய்வுக்கு உரியவை என்றார். முதல் இரண்டும் கிதியோன் தூரி போன்ற ஆய்வாளர்களால் வேகமாக வளர்ந்தன. மூன்றாவதுதான் நெடுங்காலம் கைக்கு எட்டவில்லை. மொழிபெயர்ப்பவர் தாம் நினைப்பதை உரக்கச் சொல்ல, அதைப் பதிவுசெய்து ஆராயும் முறை 1980களில் பரவியது. எனினும், பேசிக்கொண்டே எழுதுவது எழுதும் போக்கையே மாற்றிவிடும் என்ற ஐயம் நீடித்தது. 1990களின் நடுவில் ஆர்ன்ட் யாக்கப்சன் உருவாக்கிய டிரான்ஸ்லாக் மென்பொருள் ஒவ்வொரு விசையழுத்தத்தையும், இடையில் விழும் மௌனத்தையும் நேரக்கணக்குடன் பதிந்தது. பின்னர் விழியசைவுப் பதிவும் சேர்ந்துகொள்ள, மொழிபெயர்ப்பவர் எந்தத் தொடரில் தயங்கினார், எதை எழுதி அழித்தார், எப்போது மூலத்துக்குத் திரும்பினார் என்பதெல்லாம் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. இத்துறையின் மிகப் பெரிய முன்னேற்றமாக நான் கருதும் இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது வருத்தமளிக்கிறது.

இயந்திர மொழிபெயர்ப்பில், மொழிபெயர்ப்புகளின் பெருந்தொகுப்பிலிருந்து கணினி தானே கற்கும் நரம்பியல் வலைப்பின்னல் முறை 2016 முதல் பரவலான பின், இயந்திரம் தரும் வரைவைத் திருத்துவதே பலருக்கு அன்றாடப் பணியாகிவிட்டது. அவ்வாறு திருத்திய பனுவல்களை, மனிதர் தொடக்கத்திலிருந்தே மொழிபெயர்த்தவற்றுடன் ஆய்வாளர் அந்தோனியோ தொரால் 2019இல் ஒப்பிட்டார். திருத்திய பனுவல்களில் மொழி எளிமைப்பட்டும் மூலமொழியின் சாயல் மிகுந்தும் இருப்பதை அவர் கண்டார். முன்னால் வைக்கப்பட்ட வரைவு, மொழிபெயர்ப்பவரின் தேர்வை அவர் அறியாமலே கட்டுப்படுத்துகிறதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. இறுதிப் பிரதிக்கு மதிப்பெண் இடுவதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. எழுதும் செயலையே கவனித்தாக வேண்டும்.

நூலை மட்டுமன்றி மொழிபெயர்ப்பாளரையே ஆய்வின் நடுவில் வைக்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பியல் அறிஞர் ஆண்ட்ரூ செஸ்டர்மன் 2009இல் வாதிட்டார். அதற்கு வரைவுகளும் திருத்தப் படிகளும் பதிப்பகத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் வேண்டும். கணினியில் பழைய படியின் மீதே புதியது சேமிக்கப்படுவதால் இவை சுவடின்றி அழிகின்றன. பல்கலைக்கழகங்கள் மொழிபெயர்ப்பாளர்களின் இசைவுடன் இவற்றைத் திரட்டிக் காக்க வேண்டும். ஒரு நூலில் இயந்திர வரைவு பயன்பட்டிருந்தால் பதிப்பகங்கள் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்; இல்லையேல் நாளை மொழி ஆய்வுக்காகத் திரட்டும் பனுவல் தொகுப்புகளான தரவகங்களில் எது மனிதரின் நடை, எது திருத்திய இயந்திர நடை என்று பிரித்தறிய இயலாது.

தங்கள் இதழும் இதில் உதவலாம். மொழிபெயர்ப்பு நூல்களுக்கான மதிப்புரைகளில் மொழிபெயர்ப்பாளரின் பெயரைத் தவறாமல் தருவதோடு, அவர் மொழிபெயர்த்த முறை குறித்துச் சில வரிகளேனும் எழுதுமாறு மதிப்புரையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பியல் பயிலும் வாசகர்