சார்ட்டர் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் உங்களில் பலர் என்னிடம் கேட்பது, “பிள்ளையைச் சார்ட்டர் பள்ளிக்கு மாற்றலாமா?” என்றுதான். ஒவ்வொருவரிடமும் வாசலில் நின்று சொல்வதைவிட எழுதிவிடுகிறேன்.

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல. கட்டணம் கிடையாது, அரசுப் பணத்தில்தான் ஓடுகிறது. ஆனால் நிர்வாகம் தனி. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். கலிஃபோர்னியாவில் 1992-இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம் ஓக்லாந்தில் இது நன்றாகவே வேரூன்றியிருக்கிறது.

பிள்ளை மாறினால் அரசு தரும் பணமும் கூடவே மாறும். நியாயம்தானே என்று தோன்றும். சிக்கல் எங்கே என்றால், ஒரு பள்ளியிலிருந்து இருபது பேர் போகும்போது ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. ஒன்றாம் வகுப்பில் மூவர், நான்காம் வகுப்பில் இருவர் என்று உதிர்கிறார்கள். ஆசிரியரைக் குறைக்க முடியாது, ஹீட்டரைப் பாதியாக ஓட்ட முடியாது. கடைசியில் கத்தி விழுவது நூலகர், நர்ஸ், மாணவர் ஆலோசகர் மேல்தான். இப்படி ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் ஓக்லாந்து பள்ளி மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 5.73 கோடி டாலர் இழப்பு என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சார்ட்டர் தரப்பு அதை ஏற்கவில்லை. புதிய சார்ட்டருக்கு அனுமதி தரும்போது மாவட்டத்தின் நிதிநிலையையும் பார்க்கலாம் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

பொதுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவதற்கான எல்லாப் பழியையும் சார்ட்டர் மேல் போடவும் மாட்டேன். வீட்டு வாடகை தாங்காமல் ஊரை விட்டே போன குடும்பங்கள் எத்தனையோ. பக்கத்துப் பள்ளி வருடக்கணக்கில் கைவிட்டதால் சார்ட்டரைத் தேடிப் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் யார்?

நம்மவர்களிடம் எனக்குள்ள வருத்தம் வேறு. வீடு தேடும் இணையதளத்தில் ஒரு பள்ளிக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண் என்று போட்டிருந்தால் போதும், அந்தப் பள்ளி வாசலைக்கூட மிதிக்காமல் முடிவெடுத்துவிடுகிறோம். விண்ணப்பிக்கும் முன் ஒரு காலைப்பொழுது போய் வகுப்பைப் பாருங்கள், முதல்வரிடம் பேசுங்கள். அப்புறம் உங்கள் விருப்பம்.

இன்னொன்று. இந்த மாநிலத்தில் பள்ளிக்குப் பணம் வருவது பெயர்ப்பதிவை வைத்து அல்ல, அன்றாட வருகையை வைத்து. பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் தங்கினால் அதற்கான பணம் பள்ளிக்குக் கிடைக்காது. டிக்கெட் போட்டதுமே பள்ளி அலுவலகத்தில் ‘இண்டிபெண்டன்ட் ஸ்டடி’ (பள்ளிக்கு வராமலேயே பாடம் படிக்கும் ஏற்பாடு) ஒப்பந்தம் கேளுங்கள். கையெழுத்திட்டு, தரும் பாடங்களைப் பிள்ளை முடித்துக் கொடுத்தால் அந்த நாள்களும் வருகையில் சேரும். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் சனிக்கிழமை எடுத்து வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்