பிள்ளைகளின் ரத்தத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வந்த மாரடைப்புக் கட்டுரையைப் படித்தேன். ரொட்டி சானாய், நெய், சிகரெட் என்று வழக்கமான குற்றவாளிகளை நிறுத்தி வைத்துத் திட்டியிருந்தார் கட்டுரையாளர். தப்பில்லை. ஆனால் தோட்டத்து டிரெசராக, அதாவது தோட்டத் தொழிலாளருக்கு மருந்து கட்டும் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது பாதிக் கதையாகத்தான் பட்டது. மீதிப் பாதி, பரம்பரை.

ரப்பர் இருந்த காலத்தில் பால்வெட்டுக்காரர் ஒருவர் காலில் புண்ணோடு வந்தார். கட்டுப் போடும்போது கவனித்தேன். குதிகாலுக்கு மேலே ஓடும் தசைநார் விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. கண் இமையோரம் மஞ்சள் திட்டு வேறு. ஆள் ஈர்க்குச்சி, பீடிகூடத் தொடாதவர். நாற்பதைத் தாண்டியதும் ஒரு நாள் காலை ரப்பர் மர வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை. லாரி ஓட்டிய அவர் மகனும் ஏறக்குறைய அதே வயதில் போய்ச் சேர்ந்தார். துக்க வீட்டில், "பேரன் ஒல்லிதானே, அவனுக்கு ஒன்றும் வராது" என்று பெரியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். தாத்தாவும் ஒல்லிதான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கெட்ட கொலஸ்டராலை ரத்தத்திலிருந்து இழுத்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. அதற்கான மரபணுவில் பழுது இருந்தால், பிறந்த நாள் முதலே அது ரத்தத்தில் தேங்கும். அந்தப் பால்வெட்டுக்காரரிடம் நான் பார்த்த புடைத்த தசைநாரும் மஞ்சள் திட்டும் இதன் அடையாளங்கள்தான். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசே கிடைத்தது. இந்தக் கோளாறு எல்லா இனத்திலும் உண்டு, ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு.

நமக்கென்று கூடுதல் சுமை ஒன்றும் இருக்கிறது. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் டீனாக வந்த டாக்டர் தனராஜ், சிங்கப்பூரின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைப் புரட்டி, இதயக்குழாய் நோயில் இந்தியர்கள் முந்தி நிற்பதை 1959லேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தில் 9, 10 வயது தெற்காசியப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிட இன்சுலினும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் கூடுதல், நல்ல கொலஸ்டரால் குறைவு. பருமனை மட்டும் காரணம் காட்டித் தப்ப முடியவில்லை. புனேயில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5. நம் குழந்தையிடம் குறைந்தது பெரும்பாலும் தசைதான், தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆக, ஒல்லி என்று நம்பி இருந்துவிட முடியாது.

பரம்பரை என்றதும் தலையெழுத்து என்று கையை விரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். முன்கூட்டியே தெரிந்தால் எட்டுப் பத்து வயதிலேயே டாக்டர் மாத்திரை தொடங்கலாம். சாப்பாட்டையும் விளையாட்டையும் அப்போதே சரி செய்யலாம்.

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிக்கிறோம். இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்குப் பரிசோதனை நடக்கிறது. பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு எடை, உயரம், பார்வை எல்லாம் பார்க்கிறது. கூடவே ஒரு கேள்வி கேட்டால் என்ன? "குடும்பத்தில் யாருக்காவது, ஆணென்றால் 55 வயதுக்கு முன்பு, பெண்ணென்றால் 65க்கு முன்பு மாரடைப்பு வந்ததா?" ஆம் என்கிற பிள்ளையை மட்டும் கிளினிக்குக்கு அனுப்பி ரத்தம் எடுத்தால் போதும். முதல் சோதனைக்குப் பட்டினி போடவும் வேண்டியதில்லை. கெட்ட கொலஸ்டரால் லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டினால், குடும்பத்திலும் அப்படி நடந்திருந்தால், டாக்டர் மேற்கொண்டு பார்க்கட்டும்.

கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் நடத்தும் நிர்வாகத்தினருக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் விரலைக் குத்திக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள், பிள்ளைகள் மைலோ பானம் கொடுக்கும் வண்டிக்கு முன்னால் நிற்கிறார்கள். அப்பாவையோ அம்மாவையோ இளவயதில் மாரடைப்புக்குப் பறிகொடுத்த பிள்ளைகளின் பெயரைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, அடுத்த முகாமில் அவர்களை முதலில் உட்கார வையுங்கள். மைலோ அப்புறம் குடிக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்ட டிரெசர்,
சுங்கை சிப்புட், பேராக்.