சி பிரிவு லைசென்ஸுக்கு ஹேங்கர் அனுபவத்தைக் கட்டாயமாக்குங்கள்

மதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பி1.1 லைசென்ஸ் (டர்பைன் என்ஜின் விமானங்களின் இயந்திரப் பராமரிப்புக்கானது) வைத்திருக்கும் விமானப் பராமரிப்புப் பொறியாளன். விமானங்களை நிறுத்தித் திறந்து பராமரிக்கும் கூடமான ஹேங்கரில் வேலை பார்க்கிறேன். சி பிரிவு லைசென்ஸுக்கான தகுதி பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்தக் கடிதம்.

பெரிய விமானம் ஒன்று சி-செக் என்ற பெரிய பரிசோதனை முடிந்து வெளியே போகும்போது, முழு விமானத்துக்கும் சேர்த்து, மீண்டும் பறக்கலாம் என்ற ரிலீஸ் கையெழுத்துப் போடுபவர் சி பிரிவுப் பொறியாளர். ஒவ்வொரு வேலைக்கும் பி1 (என்ஜின், உடல்பகுதி), பி2 (மின்னணு அமைப்புகள்) பொறியாளர்கள் தனித்தனியாகக் கையெழுத்திட்டிருப்பார்கள். எல்லாம் முடிந்ததா, தள்ளிவைத்தவை முறைப்படி தள்ளிவைக்கப்பட்டவைதானா என்று பார்ப்பது இவர் பொறுப்பு.

பி1.1 அல்லது பி2 பொறியாளர் இதற்கு விண்ணப்பிக்க, பெரிய விமானங்களில் 3 ஆண்டு அனுபவம் வேண்டும். அந்த 3 ஆண்டும் லைனிலேயே, அதாவது பயணங்களுக்கு இடையே விமானத்தைப் பார்க்கும் வேலையிலேயே, கழிந்திருந்தாலும் போதும். பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸுக்கான நமது கார்-66 விதி பின்பற்றும் ஐரோப்பிய விதியும் இப்படித்தான். ஆனால் அதன் விளக்கக் குறிப்பு, ஹேங்கரில் சப்போர்ட் ஸ்டாஃபாக (சி பிரிவுப் பொறியாளருக்குத் துணையாக வேலைகளில் கையெழுத்திடும் பி1, பி2 பொறியாளராக) 12 மாதமாவது இருந்திருப்பது நல்லது என்று பரிந்துரைக்கிறது. பரிந்துரை மட்டும்தான். அதை இங்கே கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

லைன் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. அடுத்த பயணத்துக்குள் கோளாறைக் கண்டுபிடித்து, பறக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பவர்கள் லைன் பொறியாளர்கள். ஆனால் சி-செக் வேறு உலகம். விமானத்தின் சமையல் பகுதியான கேலியின் (galley) அடித்தளத்தைத் திறந்தால் அரிப்பு தெரியும். உடனே திட்டத்தில் இல்லாத புதிய கார்டு (வேலைச் சீட்டு) ஒன்று போட வேண்டும், பாகத்துக்கு ஆர்டர் போக வேண்டும். அதற்குள் ஷிப்ட் மாறிவிடும். திறந்தவர் ஒருவர், மூடுபவர் இன்னொருவர். எந்தக் கார்டு இந்த இடைவெளியில் நழுவும் என்பது ஹேங்கரில் நின்றவருக்குத்தான் பழகும். பேனலை மூடும் முன் எதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அப்படித்தான்.

1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில் விழுந்த போயிங் 747-இல் 520 பேர் இறந்தார்கள். கேபின் காற்றழுத்தத்தைத் தாங்கும் அதன் பின்புற அழுத்தத் தடுப்புச் சுவரை 1978-இல் பழுதுபார்த்தபோது, ஒரே துண்டாக இருக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள். அதனால் ஒரு வரிசை ரிவெட்டே சுமையைத் தாங்கியது. வேலை முடிந்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. 7 ஆண்டுகள் அப்படியே பறந்தது, கடைசியில் அந்தச் சுவர் உடைந்தது. மூடியதற்குப் பின் பேப்பரை மட்டும் பார்த்து இதைப் பிடிக்க முடியுமா?

ஆள் பற்றாக்குறை என்று நிறுவனங்கள் சொல்லும், அது உண்மைதான். 2023-இல் மட்டும் இண்டிகோ 500 விமானங்களுக்கும், ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவை பெரிய பரிசோதனைக்கு ஹேங்கருக்கு வரும் காலத்தில் சி பிரிவு ஆட்கள் நிறையத் தேவைப்படுவார்கள். அப்போது அவசரத்தில் விதியைத் தொடுவதைவிட இப்போதே செய்வது நல்லது.

சரி, லைனில் இருப்பவர் ஹேங்கருக்கு எப்படிப் போவார்? கேட்டால் மேலாளர் அனுப்புவதில்லை, இதுதான் பலரின் குறை. அதனால் விண்ணப்பிக்க விரும்புபவரை ஹேங்கருக்கு மாற்றும் ஏற்பாட்டைப் பராமரிப்பு நிறுவனங்களின் பொறுப்பாகவே விதியில் எழுதுங்கள். லாக்புக்கில் மாதக் கணக்கு மட்டும் போதாது, ஆரம்பம் முதல் ரிலீஸ் வரை உடனிருந்த செக்குகள் எவை என்பதும் பதிவாக வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் பெற்றவர்களைத் தொட வேண்டியதில்லை.

வரைவுத் திருத்தத்தை வெளியிட்டு எங்களிடம் கருத்துக் கேளுங்கள். ஹேங்கரிலிருந்தும் லைனிலிருந்தும் சொல்ல நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பி1.1 பொறியாளர்