லாபாவுல ஒரு ராத்திரி

பாப்பா,

இங்க பிரேசில்ல காலைல ஏழு மணி. உன் தம்பி குறட்டை விட்டுத் தூங்குறான், ஹோட்டல்ல டிபன் பத்து மணி வரைக்கும் உண்டாம், அதனால எழுப்பல. உனக்கு அங்க மத்தியானம் மூணரை இருக்கும், மீட்டிங்ல உக்காந்திருப்ப. போன்ல சொல்லிருக்கலாம்தான், ஆனா இத வாயால சொன்னா பாதியில நீ சிரிப்ப, இல்ல நான் அழுதுருவேன், அதான் டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காத, கண்ணாடி பெட்டிக்குள்ள எங்கயோ மாட்டிக்கிச்சு.

விஷயம் என்னன்னா, நேத்து ராத்திரி உங்கம்மா நாலு பாருக்குப் போய்ட்டு வந்தா.

சிரிச்சு முடிச்சிட்டியா? மேல படி. உன் தம்பி என்கிட்ட "மியூசிக் டூர்மா, சும்மா நடந்து போய் பாட்டு கேக்குறது"ன்னுதான் சொன்னான், நானும் நல்ல காட்டன் புடவையா எடுத்து கட்டிக்கிட்டு கிளம்பிட்டேன். போய் நின்னா அங்க பத்துப் பதினஞ்சு பேரு, எல்லாம் உன் வயசுப் பிள்ளைங்க, கைல ஒரு ரிப்பன் கட்டி விடுறாங்க, அந்த ரிப்பனக் காட்டினா ஒவ்வொரு பாருலயும் முதல் கிளாஸ் சும்மாவாம். கோயில்ல காப்பு கட்டுற மாதிரி கட்டிட்டு நிக்கிறேன் நான். உன் தம்பி என் முகத்தப் பாக்காம அந்தப் பக்கம் எதையோ படிக்கிற மாதிரி நடிக்கிறான். திரும்பிப் போயிருவேன்னுதான் நினைச்சான் போல. ஆனா அந்த கைடு பொண்ணு வந்து ரெண்டு கன்னத்துலயும் ஒரு முத்தம் கொடுத்து, என் புடவைத் தலைப்பத் தொட்டுப் பாத்து என்னமோ சொல்லுச்சு, அதுக்கப்புறம் எப்படிடி திரும்பிப் போறது.

அந்த இடத்துக்குப் பேரு லாபா. ரியோவோட பழைய டவுன் பக்கம். நடுவுல வெள்ளை வெளேர்னு ரெண்டு அடுக்கா வளைவு வளைவா ஒரு பாலம் நிக்குது, மொத்தம் 42 வளைவாம். 1750-ல கட்டி முடிச்சது, மலைல இருந்து ஊருக்குத் தண்ணி கொண்டு வரதுக்கு. அப்புறம் 1896-ல அதே பாலத்து மேல டிராம் ஓட விட்டுட்டாங்க, இன்னைக்கும் மஞ்சள் கலர்ல சின்னதா ஒரு டிராம் அது மேல ஓடி சாந்தா தெரேசாங்கற மேட்டுக்குப் போகுது. தண்ணி வந்த பாலத்துக்கு அடியிலதான் இப்ப ஊரே "தண்ணி" போடுதுன்னு உன் தம்பி ஜோக் அடிச்சான், நான் முறைச்சேன், ஆனா உள்ளுக்குள்ள சிரிப்பு வந்துச்சு.

எல்லாம் அழகுன்னு சொல்ல மாட்டேன். வளைவுக்கு அடியில அட்டைய விரிச்சுப் படுத்துக் கிடக்குற ஜனங்க இருக்காங்க, மூத்திர நாத்தம் குடலப் பிடுங்குது. போன வெளிய எடுக்காதீங்க, கூட்டத்த விட்டு நகராதீங்கன்னு கைடு பத்து தடவ சொல்லுச்சு. நான் தாலிச் சரட்ட ஹோட்டல்லயே கழட்டி வச்சிட்டுப் போனது நல்லதாப் போச்சு. உங்கப்பா போனப்புறமும் நான் அத விடாம போட்டிருக்கேன்னு பெரியம்மா சண்டைக்கு வராளே, அவளுக்குத் தெரிஞ்சா ஒரு நாளாவது கழட்டினேன்னு சந்தோஷப்படுவா.

முதல் பாரு ஒரு பொட்டிக்கடை சைசுதான். பொட்டேக்கோன்னு சொல்றாங்க. நம்ம ஊரு டீக்கடை மாதிரி வச்சுக்கோயேன், பாதிப் பேரு உள்ள, பாதிப் பேரு பிளாட்பாரத்துல. பிளாஸ்டிக் சேரு. ஒரு தாத்தா, அவரு மருமக, பக்கத்துல பேரன் ஜூஸ் குடிச்சிட்டு இருக்கான். சின்னச் சின்ன கிளாஸ்ல நுரையோட பீரு வருது, ஷோப்பின்னு பேரு. இதுல ஒண்ணு கவனிச்சேன் பாரு, ஒவ்வொரு கிளாஸ் வரும்போதும் அடியில ஒரு வட்ட அட்டை வைக்கிறான் சர்வரு, காலி கிளாச எடுத்துட்டுப் போறான் ஆனா அட்டைய எடுக்கல. அடுத்த கிளாசுக்கு அடுத்த அட்டை. கடைசில அட்டைய எண்ணித்தான் பில்லு. அதுக்குப் பேரு பொலாஷா, பிஸ்கட்டுன்னு அர்த்தமாம். யாரு எத்தன குடிச்சாங்கன்னு மேசை மேலயே அடுக்கி வச்சிருக்கு, தாத்தா முன்னாடி நாலு அட்டை, மருமக முன்னாடி ரெண்டு. ஒளிவு மறைவே இல்ல. நான் அந்த அட்டையவே பாத்துட்டு உக்காந்திருந்தேன் ரொம்ப நேரம். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

இன்னொரு கூத்து. சர்வரு மேசைய "மேசா"ங்கறான். கிளாச "கோப்பு"ங்கறான். உன் தம்பிகிட்ட இதென்னடா நம்ம பாஷையாட்டம் இருக்குன்னேன், அம்மா அது நம்மது இல்ல, போர்ச்சுகீசுக்காரன் நம்ம ஊருக்கு வந்தப்ப விட்டுட்டுப் போனதுங்கறான். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமே அவங்க வார்த்தைதானாம். கடல் தாண்டி எங்கயோ வந்து மொழி தெரியாம உக்காந்திருக்கோம்னு நினைச்சா மேசைல கோப்பை நிக்குது.

சாப்பாடும் அப்படித்தான். ஐப்பீன்னு ஒண்ணு பொரிச்சு கொண்டு வந்தான், வாயில போட்டதும் தெரிஞ்சுபோச்சு, மரவள்ளிக்கிழங்குடி! அது பொறந்ததே இந்தக் கண்டத்துலதானாம், இங்க இருந்துதான் நம்ம பக்கம் வந்துச்சாம். சேலத்து ஜவ்வரிசிக்குப் பாட்டி ஊரு இதுன்னு வச்சுக்கோ. முந்திரியும் இவங்க சரக்குதான். நான் முந்திரிப் பழ ஜூஸ் குடிச்சேன், தொண்டைய லேசா கரகரன்னு பிடிக்குமே அதே ருசி.

ரெண்டாவது பாருக்கு நடந்து போற வழியில அந்தப் படிக்கட்டக் காட்டினாங்க. செலரோன்னு ஒரு மனுஷன், சிலி நாட்டுக்காரரு, 1990-ல தன் வீட்டு வாசல்ல இருந்த ஓட்டைப் படியச் சரி பண்ண ஆரம்பிச்சு, உடைஞ்ச டைல்ஸ ஒட்ட ஆரம்பிச்சு, நிறுத்தவே இல்ல, 215 படி முழுக்க ஒட்டிட்டாரு. அறுபது நாட்டுக்கு மேல இருந்து டைல்ஸ் வந்திருக்கு. எனக்கு மூட்டு வலி, நாப்பது படிக்கு மேல ஏறல. நம்ம ஊரு டைல்ஸ் ஏதாவது கண்ணுல படுதான்னு தேடினேன், இருட்டுல ஒண்ணும் தெரியல. கர்ப்பிணிப் பொம்பள படம்தான் திரும்பத் திரும்ப வருது. ஏன்னு கேட்டா அது அவரோட சொந்த விஷயம்னு மட்டும்தான் சொல்லுவாராம். 2013 ஜனவரியில இதே படியிலதான் அவரு செத்துக் கிடந்தாரு. அந்தப் படில உக்காந்து பிள்ளைங்க பீரு குடிக்குதுங்க, எனக்கு என்னமோ கால் வைக்கவே கூசுச்சு.

கைடு பொண்ணு இன்னொருத்தரப் பத்தியும் சொல்லுச்சு, மடாமி சாத்தான்னு பேரு. 1900-ல பொறந்த கறுப்பின ஆம்பள, ராத்திரில பொம்பள வேஷம் கட்டி ஆடுவாராம், போலீச அடிச்சுப் போடுவாராம், இருபது வருஷத்துக்கு மேல ஜெயில்லயே கழிஞ்சுது, அதுக்கு நடுவுல அநாதப் பிள்ளைங்கள எடுத்து வளர்த்தாராம். இப்படி ஒரு ஆளுதான் இந்தத் தெருவுக்கே குலசாமி மாதிரி. யாரத் தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்கன்னு பாத்தா ஒரு ஊரு எப்படின்னு பாதி தெரிஞ்சிருதுல்ல.

ரெண்டாவது பாருலதான் கைப்பிரீன்யா. எலுமிச்சம்பழத்த நறுக்குறான், நடுவுல இருக்குற வெள்ளை நாரத் தனியா கீறி எடுத்துடறான், இல்லன்னா கசக்கும், நாம ஊறுகாய்க்குப் பாத்துப் பண்றோமே அந்த மாதிரி. கிளாசுக்குள்ளயே சக்கரையப் போட்டு ஒரு மர உலக்கையால நசுக்குறான், ரொம்ப இல்ல, தோல்ல இருக்குற எண்ணெய் மட்டும் இறங்குற அளவுக்கு. அப்புறம் ஐஸு, மேல கஷாசா. கஷாசான்னா பச்சைக் கரும்புச்சாற புளிக்க வச்சு காய்ச்சி எடுக்கறது. பாட்டில என் மூக்குகிட்ட காட்டினான் பாரு, எனக்கு எங்கப்பா வீட்டு ஆலைக் கொட்டாய் ஞாபகம் வந்துருச்சு. வெல்லம் காய்ச்சுற நாள்ல சாறு கொஞ்சம் கீழ கொட்டி மறுநாள் வெயில்ல ஒரு வாசம் வருமே, ஈ மொய்க்குமே, அப்படியே அதே வாசம். ஏழு வயசுல பாவாடையத் தூக்கிச் செருகிட்டு அங்க ஓடினவதான நான்.

கைப்பிரீன்யான்னா இதுதான், இப்படித்தான் பண்ணணும்னு 2003-ல இவங்க அரசாங்கமே உத்தரவு போட்டுச்சுன்னு கைடு பெருமையாச் சொல்லுச்சு. 2003-னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம ஊர்ல கடைய அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பிச்ச அதே வருஷம். உனக்கு அப்ப ஒம்பது வயசு.

இப்ப அட்டை விஷயத்துக்கு வரேன்.

உங்கப்பா குடிச்சு நீ பாத்ததில்ல. நானும் பாத்ததில்ல, கேட்டா நம்புவியா? முப்பது வருஷம் கூட இருந்தவ நான். அவரு கடை வாசல்ல நின்னே குடிப்பாராம், சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னு, ஒரே மூச்சுல, மருந்து குடிக்கிற மாதிரி. அவரு சிநேகிதரு ஒருத்தரு அவரு போனப்புறம் சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்புறம் கொய்யா இலையப் பறிச்சு மென்னுக்கிட்டே வருவாரு. நம்ம வீட்டுல கொய்யா மரமே கிடையாது, இந்த மனுஷன் சட்டைப்பைல எப்படி கொய்யா இலை வருதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. வாய்க்கா மேட்டுல டிவிஎஸ் 50-ல இருந்து விழுந்து முட்டி பேந்து வந்தாரே, நாய் குறுக்க வந்துருச்சுன்னாரு. நான் அடுத்த வீட்டுல நாய் குறுக்க வந்துருச்சுன்னேன். பெரியப்பாகிட்ட நீ சொன்ன. அந்த நாய நம்ம வீட்டுல எல்லாரும் சேர்ந்துதான்டி வளர்த்தோம்.

இங்க 2008-ல இருந்து குடிச்சிட்டு வண்டி ஓட்டினா ஒரு துளிக்குக்கூட மன்னிப்பு கிடையாதாம், அதனால எல்லாரும் நடந்தே போறாங்க, இல்ல டாக்ஸி. குடிக்கிறவன் எல்லா ஊர்லயும்தான் இருக்கான், நான் ஒண்ணும் இங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. மூணாவது பாருல நம்ம கூட்டத்துல வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் ஓவராப் போயி ரோட்டோரம் உக்காந்து வாந்தி எடுத்துட்டான். இருபத்தி ஒண்ணு இருக்கும். கைடு பொண்ணு அவனத் திட்டல, தண்ணி கொடுத்துச்சு, உள்ள போயி ஒரு சின்ன கிளாஸ்ல கறுப்பு பீன்ஸ் சாறு வாங்கிட்டு வந்துச்சு, நம்ம ரசம் மாதிரி சூடா. மத்தவங்க உள்ள போய்ட்டாங்க, நான் பக்கத்துல படிக்கட்டுல உக்காந்து முதுகத் தடவி விட்டேன், எவ பெத்த பிள்ளையோ. யாரோ போன நீட்டி போட்டோ எடுக்கப் போனான், இந்தப் பையன் மூஞ்சிய மூடிக்கிட்டு, எடுக்காதீங்க ப்ளீஸ், எங்கம்மா பாத்துருவாங்கன்னு அழுதான்டி. அவ்வளவு பெரிய ஆளு.

அப்பதான் உன் ஞாபகம் வந்துச்சு.

நீ ஆபீஸ் பார்ட்டில ஒரு கிளாஸ் வைன் குடிச்சேன்னு சமையல்கட்டுல வந்து நின்னு சொன்னல்ல. நான் தோசைக் கரண்டியக் கீழ போட்டுட்டு வெளிய போனேன், ரெண்டு மாசம் பேசல. உங்கப்பன் ரத்தம்னு வேற சொன்னேன். உனக்கு மறந்திருக்காது. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியப் போகுது, பெங்களூர்ல நடக்கிறது. கொய்யா இலை மெல்லாம நேரா வந்து சொன்ன ஒரே ஆளு நம்ம வீட்டுல நீதான், அந்த ஒரு ஆளோடதான் நான் பேசாம இருந்தேன். குடிக்கிறது இப்பவும் எனக்குப் பிடிக்கல, அதுல மாத்தம் இல்ல. ஆனா அன்னைக்கு நான் பண்ணது தப்பு.

சரி, கடைசி இடத்த சொல்லிடறேன். அது பெரிய வீடு, லாவ்ராடியோ தெருவுல, உள்ள சம்பாங்கற இவங்க ஊரு பாட்டும் ஆட்டமும். வாசல்ல ஆளுக்கொரு அட்டை கொடுக்கிறாங்க, என்ன வாங்கினாலும் அதுல எழுதறாங்க, தொலைச்சா தண்டம் கட்டணும், நான் ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிட்டேன். நடுவுல ஒரு மேசையச் சுத்தி வாத்தியக்காரங்க உக்காந்திருக்காங்க, மேடையே இல்ல, ஜனங்க அவங்களச் சுத்தி நின்னு பாடுறாங்க. ஒருத்தன் கைல கஞ்சிரா மாதிரியே ஒண்ணு, பண்டெய்ரோன்னு பேரு, கொஞ்சம் பெருசு, சலங்கைத் தகடு நிறைய. என்னவொரு வேகம்! என் வயசு பொம்பள ஒருத்தி வந்து கையப் பிடிச்சு இழுத்தா ஆடுறதுக்கு, எனக்கு முட்டி வளையல, ஓரமா நின்னு தொடைல தாளம் போட்டேன். ரெண்டு ரெண்டாத்தான் எண்ணணும், ஆனா எடுப்பு எங்க விழுதுன்னு பிடிபடவே நேரம் ஆச்சு. பிடிபட்டதும் அந்தப் பண்டெய்ரோக்காரன் என்னப் பாத்துத் தலையாட்டிச் சிரிச்சான்.

கிளம்பலாம்னா விட மாட்டேங்கறாங்க, "சாய்டெய்ரா"ங்கறாங்க, கடைசி ரவுண்டுன்னு அர்த்தம், மூணு தடவ கடைசி ரவுண்டு வந்துச்சு. மணி ரெண்டு ஆயிருச்சு ரூமுக்கு வர.

உன் தம்பி எந்திரிச்சிட்டான், பாத்ரூம்ல சத்தம் கேக்குது. அடுத்த மாசம் நான் ஊருக்கு வந்ததும் நீ ரெண்டு நாள் லீவு போட்டு வா, மரவள்ளிக்கிழங்கு பொரிச்சுத் தரேன்.

அப்புறம் ஒண்ணு. அந்த எலுமிச்சம்பழ கிளாஸ்ல நான் ஒரு வாய் குடிச்சேன். ஒரே ஒரு வாய்தான், வாசத்துக்காக. பெரியம்மாகிட்ட சொல்லித் தொலைக்காத.

அம்மா