டிவி பாயிண்ட்டில் மிக்ஸி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேனையே வீடு மாதிரி மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர்களைப் பற்றி போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். படம் எல்லாம் பிரமாதம். மடக்குக் கட்டில், குட்டி பிரிட்ஜ், சுவரில் டிவி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஆனால் அந்த டிவிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்துவிட்டு நாளைக்கே நாலு பேர் பட்டறைக்குப் போய் "எனக்கும் ஒரு டிவி மாட்டுங்க" என்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேலம் செவ்வாய்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் மைக் செட் கடை வைத்திருந்தவன். தேர்தல் ஜீப், மாரியம்மன் பண்டிகை, கல்யாணம், காதுகுத்து எல்லாம் பார்த்தாச்சு. 12 வோல்ட் பேட்டரியில் ஆம்பிளிபயர் ஓட்டித்தான் என் சோறு. அந்தக் காலத்துக் கருப்பு வெள்ளை போர்ட்டபிள் டிவிகளில் பின்னாடி பேட்டரிக்கென்று தனியாக ஒரு ஓட்டை இருக்கும், கரண்ட் போனால் காரை வாசலில் நிறுத்தி அதிலிருந்து ஒயர் இழுத்து கிரிக்கெட் பார்த்த தெருக்கள் சேலத்தில் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பேட்டரியில் டிவி ஓடுவது ஒன்றும் புது வித்தை இல்லை, நடுவில்தான் நாம் அதை மறந்துவிட்டோம்.

என் மாப்பிள்ளை போன வருடம் ஒரு டெம்போ டிராவலரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். முன்பே ஒரு பட்டறையில் கட்டில், அலமாரி எல்லாம் போட்டு மாற்றியிருந்த வண்டி. கேரவன் என்றால் நமக்கு சினிமாக்காரர்கள்தான் ஞாபகம் வரும், அதுவும் ஏற்காடு ரோட்டில் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எங்களுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த வளைவைத் தாண்டும்போது பேரன் ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு "தாத்தா, நாமளும் கேரவன்ல போறோம்" என்றான். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி வளாகத்தில் வண்டியை நிறுத்தினோம்.

ராத்திரி டிவி ஓடியது. இரண்டு மூன்று தடவை தானாக அணைந்து அணைந்து வந்தது. பனிக்குளிர் என்று மாப்பிள்ளை சொன்னார். பனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் மாமனார் வாயைத் திறந்தால் கடை வைத்துவிடுவார் என்று வீட்டில் ஒரு பெயர் எனக்கு இருப்பதால் பேசாமல் படுத்துவிட்டேன். அதுதான் தப்பு.

காலையில் இட்லிக்குச் சட்னி அரைக்கிறேன் என்று என் வீட்டுக்காரம்மா டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த மூன்று பின் சாக்கெட்டில் மிக்ஸியைச் செருகினாள். உள்ளே இருந்த இன்வெர்ட்டர் கீ என்று கத்திவிட்டு நின்றது. விடுவாளா? திரும்ப ஆன் பண்ணி மூன்று தடவை முயன்று பார்த்தாள். அப்புறம் ஒரு வாசம் வந்தது பாருங்கள். ஒயர் உருகும் வாசம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஓடிப்போய் பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, இன்வெர்ட்டர் ஒயரைத் தனியாகப் பிரித்துவிட்டு டெர்மினலை மாட்டி, செல்ஃப் அடித்தால் டக் டக் என்கிறது, வண்டி எடுக்கவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரு எஸ்டேட் ஜீப்காரர் கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார், இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டார், சட்னி இல்லாமல்.

கீழே வந்ததும் உள்பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் அதே பேட்டரியிலிருந்துதான் இன்வெர்ட்டருக்கும் இழுத்திருக்கிறார்கள். ஐந்து மீட்டர் தூரம், 1.5 ஸ்கொயர் ஒயர் (ஸ்கொயர் என்றால் சதுர மில்லிமீட்டர், செம்பின் தடிமன் கணக்கு), நடுவில் ஒரு ஜாயின்ட், அது வெறுமனே முறுக்கி டேப் சுற்றியது. தகரத்தில் ஓட்டை போட்டு ரப்பர் வாஷர்கூட வைக்காமல் ஒயரை நுழைத்திருக்கிறார்கள், வளைவுக்கு வளைவு அது அந்த விளிம்பில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பேட்டரிப் பக்கம் பியூஸே கிடையாது.

இன்வெர்ட்டர் 600 வாட். 230 வோல்ட்டில் 600 வாட் என்றால் மூன்று ஆம்பியர்கூட வராது, சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 12 வோல்ட் பக்கம் அதே 600 வாட்டுக்கு 50 ஆம்பியருக்கு மேல் வேண்டும். போக வர பத்து மீட்டர் 1.5 ஸ்கொயர் ஒயரில் 50 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே ஆறு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போய்விடும், பாதி பேட்டரி ஒயரைச் சூடாக்கவே போகிறது. இன்வெர்ட்டர் கத்தியது அதனால்தான். அது கத்தி நின்றதால் பிழைத்தோம். அந்தத் தகர விளிம்பு ஒயரின் தோலை இன்னும் கொஞ்சம் அறுத்திருந்தால் பிளஸ் நேராக பாடியில் தொட்டிருக்கும், பியூஸும் இல்லை, அந்த பேட்டரி நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கொட்டும். பலகையும் மெத்தையும் பஞ்சும் நிறைந்த வண்டிக்குள் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சரி, டிவிக்கு வருகிறேன். டிவியைக் கழற்றிப் பின்னாடி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். 24 இன்ச் டிவி. "12 வோல்ட் டிசி, 3 ஆம்பியர்" என்று அச்சடித்திருக்கிறது! அதாவது அந்த டிவிக்கு 230 வோல்ட் தேவையே இல்லை, கூட வந்த அடாப்டர்தான் 230-ஐ 12 ஆக்கிக் கொடுக்கிறது. பட்டறையில் என்ன செய்திருக்கிறார்கள்? பேட்டரியில் இருக்கும் 12-ஐ இன்வெர்ட்டர் வைத்து 230 ஆக்கி, அந்த 230-ஐ அடாப்டர் வைத்துத் திரும்ப 12 ஆக்கியிருக்கிறார்கள். ஓமலூர் போகிறவன் ஆத்தூர் வழியாகப் போன கதை. செட்டாப் பாக்ஸைப் பார்த்தால் அதுவும் 12 வோல்ட், 1.5 ஆம்பியர்.

மீட்டர் வைத்து அளந்தேன். இன்வெர்ட்டர் வழியாக டிவி மட்டும் ஓடும்போது பேட்டரியிலிருந்து மூன்றரை ஆம்பியர் போகிறது. நேராக 12 வோல்ட்டில் கொடுத்தால் இரண்டே ஆம்பியர். டிவியை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் ஆனில் விட்டால்கூட அது சும்மா இருந்தே முக்கால் ஆம்பியர் தின்கிறது, ராத்திரி முழுக்க. மூன்று வருடப் பழைய பேட்டரி, இரண்டு ஃபேன், காலையில் மிக்ஸி, வண்டி எப்படிக் கிளம்பும்?

அதற்காக பேட்டரி ஒயரை அப்படியே டிவியில் செருகிவிடாதீர்கள். 12 வோல்ட் பேட்டரி என்று பெயர்தானே தவிர, அது 12-இல் நிற்பதே இல்லை. முழுச் சார்ஜில் 12.6, என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் அதை 14-க்கு மேல் ஏற்றும், செல்ஃப் அடிக்கும் நொடியில் பத்துக்கும் கீழே விழும். அந்த ஏற்ற இறக்கத்தை டிவியின் போர்டு எத்தனை நாள் தாங்கும்? நடுவில் ஒரு டிசி டு டிசி கன்வெர்ட்டர் போட வேண்டும், உள்ளே 9 முதல் 18 வரை எது வந்தாலும் வெளியே 12 மட்டும் விடுகிற ரகம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டுக்கும் சேர்த்துத் தாங்குகிற ஆம்பியரில் வாங்குங்கள். அப்புறம் டிவியில் செருகும் அந்த வட்ட ஜாக்கில் பிளஸ் நடுவிலா வெளியிலா என்று ஸ்டிக்கரில் உள்ள படத்தைப் பார்த்து மீட்டரில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் செருகுங்கள். மாற்றிக் கொடுத்தால் டிவி ஒரே நொடியில் கதை முடிந்துவிடும், மைக் செட் காலத்தில் இரண்டு ஆம்பிளிபயரை அப்படித்தான் காவு கொடுத்தேன்.

புதிதாக 2.5 ஸ்கொயர் ஒயர் இழுத்தேன். மூன்று ஆம்பியருக்குக் கால் வோல்ட் அளவுதான் குறைகிறது, அதைக் கன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். மைனஸுக்கும் தனி ஒயர், வண்டி பாடியில் திருகாணி அடித்து எர்த் எடுக்கவில்லை. பெயின்ட்டும் துருவும் இருக்கிற இடத்தில் எடுத்த எர்த் நாலு மாதத்தில் தகராறு பண்ணும், படத்தில் கோடு ஓடும், ஸ்பீக்கரில் உம் என்று சத்தம் வரும். பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில், 7.5 ஆம்பியர், பழுப்பு நிறக் கத்தி பியூஸ். டிவி பக்கத்தில் பியூஸ் வைத்திருக்கிறேனே என்று சிலர் சொல்வார்கள். பியூஸ் ஒயரைக் காப்பாற்றத்தான், பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் இருக்கும் ஒயருக்குக் காவல் கிடையாது. டிவி பின்னாடி ஒரு வளையம் அளவுக்கு ஒயரைத் தொளதொளவென்று விட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் இருபது வளைவு குலுக்கலில் ஜாக் பிடுங்கிக்கொள்ளும்.

இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. விடுதியில் நின்றால் வெளியிலிருந்து 230 வோல்ட் எடுக்க ஒரு லைன் உண்டு. அதுவும் சிவப்பு, கருப்பு. பேட்டரி லைனும் சிவப்பு, கருப்பு. இரண்டும் ஒரே குழாயில்! வீட்டு வயரிங்கில் சிவப்பு பேஸ், வண்டி வயரிங்கில் சிவப்பு பிளஸ், இரண்டு வேலையும் செய்கிறவர் ஒருவரே என்றால் கையில் கிடைத்த ஒயரைத்தான் இழுப்பார். நாளைக்கு டிவி வேலை செய்யவில்லை என்று ஒரு பையன் பலகையைக் கழற்றி, 12 வோல்ட்தானே என்று சிவப்பைக் கையால் பிடித்தால்? இப்போது 230-ஐத் தனிக் குழாயில் மாற்றி, 12 வோல்ட் லைனுக்கு வேறு நிற ஸ்லீவ் போட்டு, ஒரு அட்டையில் படம் வரைந்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அந்த வெளி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) மாட்டியாச்சு. ஏற்காட்டு ஈரத்தில், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பெட்டியை நம்பி அது இல்லாமல் இருக்கக் கூடாது.

டிவியில் நேராக 230 வோல்ட் பிளக் ஒயர் வருகிறது, அடாப்டரே இல்லை என்பவர்கள் தயவுசெய்து அதைத் திறந்து 12 வோல்ட்டுக்கு மாற்றப் பார்க்காதீர்கள். உள்ளே 325 வோல்ட் அளவுக்கு கெப்பாசிட்டரில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம். அவர்களுக்கு டிவிக்கு மட்டும் போதுமான சின்ன சைன் வேவ் இன்வெர்ட்டர் (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகக் கொடுக்கிற ரகம்), கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் 19 வோல்ட் என்று போட்டிருந்தால் ஏற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. வீட்டுச் சாமானுக்கென்று தனி பேட்டரி வைத்து, என்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்க்கிற ரிலே, அதாவது தானாக இயங்கும் சுவிட்ச், போட வேண்டும். 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பாதியைத்தான் எடுப்பேன் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று ஆம்பியருக்குப் பதினாறு மணி நேரம் வரும், அதற்கு மேல் டிவி பார்ப்பவர்கள் ஏற்காட்டுக்கு எதற்கு வர வேண்டும்?

எனக்குப் பட்டறைக்காரர்கள் மேல் கோபம் இல்லை. கேட்டது கிடைத்தது. வண்டி வாங்குகிறவர் ஒரு பிளக் பாயிண்ட் கேட்டார், அவர்கள் கொடுத்தார்கள். ஆனால் மூன்று பின் சாக்கெட் என்று ஒன்று சுவரில் இருந்தால் அதில் மிக்ஸியும் வரும், அயர்ன் பாக்ஸும் வரும், "இது டிவிக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டினாலும் வரும். என் வீட்டுக்காரம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, சாக்கெட்டுக்கு முதுகுப்பக்கம் எந்த ஒயர் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த வட்ட ஜாக்கில் டிவியைத் தவிர வேறு எதுவும் நுழையாது, எனக்கு அதில்தான் நிம்மதி.

மோட்டார் கேரவன்களுக்கென்று நம் நாட்டில் ஏஐஎஸ் 124 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. வண்டியின் பதிவு விவரங்களுக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் சொல்கிறது. அடுத்த தடவை இப்படி ஒரு பக்கம் போடும்போது உங்கள் நிருபர் அதைப் பற்றியும் நாலு வரி எழுதட்டும், பூப்போட்ட திரையைப் படம் எடுப்பதோடு அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லி உள்ளே ஒரு படம் எடுக்கட்டும். வண்டிக்காரர் கழற்ற மறுத்தால் அதையும் எழுதுங்கள்.

உருகின அந்த ஒயர்த் துண்டை வீட்டில் ஒரு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், பார்க்க வருகிறவர்கள் வரலாம். போன மாதம் மறுபடியும் மேலே போனோம். டிவி ஒரு தடவைகூட அணையவில்லை. இட்லிக்குச் சட்னி இல்லை, பொடிதான். நல்லெண்ணெய் எடுத்து வைக்க மறந்துவிட்டேன் என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

இப்படிக்கு,
பழைய மைக் செட்காரர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.